கோபம் வந்தாலும் வாட்ஸ்அப்பை விட முடியாதது ஏன்?

கள்ளக்குறிச்சி பக்கம் மக்காச்சோளம், மரவள்ளி விலை கேட்க வாட்ஸ்அப் குழுவைத்தான் பார்க்கிறார்கள். பள்ளி விடுமுறை அறிவிப்பு, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அதில்தான் வருகின்றன. கல்வராயன் மலையில் டவர் கிடைக்கும் மேட்டைத் தேடி நிற்பவரும் முதலில் திறப்பது அதைத்தான். நிறுவனத்தின் முடிவு பிடிக்காவிட்டால் இதிலிருந்து கிளம்பிவிட முடியுமா?

ஒருமுறை பலர் முயன்று பார்த்தார்கள். 2021 ஜனவரியில், பிப்ரவரி 8-க்குள் புதிய விதிகளை ஏற்றால்தான் கணக்கு நீடிக்கும் என்றது வாட்ஸ்அப். நம் தகவல் தாய் நிறுவனமான பேஸ்புக்குக்குப் போகிறது என்று கொதிப்பு கிளம்பியது. 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் டெலிகிராமில் சேர்ந்தார்கள். கூட்டம் தாங்காமல் சிக்னல் செயலி ஜனவரி 15-ல் முடங்கியது. பதறிய வாட்ஸ்அப், நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, கெடுவை மே 15-க்குத் தள்ளியது. புதுச் செயலிக்குப் போனவர்களில் பலர் பழையதை அழிக்கவில்லை. அங்கே பேச ஆள் இல்லாமல் திரும்பினார்கள்.

நம்மூர் ஜோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலிக்கு 2025 செப்டம்பரில் யோகம் அடித்தது. மூன்றே நாளில், தினமும் சேர்வோர் 3,000-லிருந்து 3.5 லட்சமானதாக ஜோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். இந்த முறை காரணம் கோபம் அல்ல, சுதேசி அழைப்பு. சில வாரங்களில் வேகம் தணிந்தது. செயலியில் பெரிய குறை என்று சொல்ல முடியாது. சித்தப்பா இன்னும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், அவ்வளவுதான்.

செல்போன் இணைப்பில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தின. ஆத்திரப்பட்டவர்கள் ‘போர்ட்’ என்று அடித்து, பக்கத்தில் தங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினார்கள். வந்த எட்டு எழுத்துக் குறியீட்டைக் கடையில் காட்டி, ஆதாரைக் கொடுத்துப் புது சிம் வாங்கினார்கள். அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. மற்ற மூன்றுக்கும் குறைந்தன. வேகம் போதாமல் பின்னால் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் போனவர் யாரையும் இழக்கவில்லை. எண் அதே எண். எந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்தும் அவரைக் கூப்பிடலாம். நாடு முழுவதும் 2011-ல் வந்த எண் மாற்ற வசதி தந்த சுதந்திரம் இது. யுபிஐயும் அப்படித்தான்: கூகுள் பேயிலிருந்து போன்பேக்குப் பணம் போகிறது.

ஆனால் அரட்டையிலிருந்து வாட்ஸ்அப்புக்கு ஒரு ‘வணக்கம்’கூடப் போகாது. வாட்ஸ்அப்பின் பலமே அந்தச் சுவர்தான். செய்திச் செயலிகளும் யுபிஐ போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்கிறார் வேம்பு. பின்தங்கியிருக்கும் போட்டியாளர் அப்படிச் சொல்வது இயல்பு என்றாலும், கோரிக்கை நியாயமானதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் அமலில் உள்ள சட்டம், கேட்கும் செயலிகளுக்கு வாட்ஸ்அப் வழிவிட வேண்டும் என்கிறது.

இங்கே 2021 விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (பேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு தகவல் பகிர்வைப் பற்றியது. வேறு செயலியில் இருப்பவரோடு பேச வழிவிடச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை.