‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் பையில் இப்போது ஒரு ‘கேம்பிங் கத்தி’யும் இருக்கிறது. சில நூறு ரூபாய்க் கத்தியானாலும் சில ஆயிரம் ரூபாய்க் கத்தியானாலும் அலகில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலையை வைத்திருக்கும் சேலத்துக்காரர்களுக்கு அந்த வாசகத்தின் மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

ஆனால் ஸ்டெயின்லெஸ் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பாத்திரக் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் 304, 202 போன்ற ரகம். 304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8, கார்பனோ 0.08 சதவீதத்தைத் தாண்டாது. அதை எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் விறைக்காது. தூக்குப்போசிக்கு அருமையான உலோகம், அலகுக்கு ஆகாது. கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவே இல்லையென்றால் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடலாம். ஒட்டிவிட்டதாலேயே நல்ல கத்தி என்றும் ஆகிவிடாது. பதம் ஏறியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அதனால் கேட்க வேண்டியது இரண்டு: ரகத்தின் எண், அலகின் விறைப்பைச் சொல்லும் ராக்வெல் கடின எண். 420 வகை 52 முதல் 55 வரை நிற்கும். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் வரும். 440சி 58-ஐத் தொடும். டி2-வில் குரோமியம் 12 சதவீதம் அளவுக்கு இருந்தும் அது முழு ஸ்டெயின்லெஸ் அல்ல. கூர் நெடுநாள் நிற்கும், ஓரத்தில் சில்லுப் பெயர்வதும் உண்டு. 1095 போன்ற கார்பன் எஃகு உறுதியானது. ஆனால் கொல்லிமலையில் அன்னாசி நறுக்கிவிட்டுத் துடைக்காமல் உறையில் போட்டால் காலையில் துரு பிடித்திருக்கும். துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் கார்பன் எஃகு. இல்லாதவர்கள் ஸ்டெயின்லெஸோடு நிற்பது நல்லது.

நம் பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குவது. கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் உள்ள நல்ல எஃகு அது. என் ஓட்டும் இதற்குத்தான். ஆனால் பல வருடம் சுமை தாங்கி வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். அடித்து முடித்த அலகில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். சாணையில் ஓரம் நீலம் பாய்ந்திருந்தாலும் வேண்டாம். அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. அரத்தை ஓரத்தில் லேசாக இழுத்தால் வழுக்க வேண்டும், கடித்தால் பதம் போதவில்லை.

அளவு விஷயத்தில் ஆசை வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணையில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதமாக இடம்பெறுகின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்தவை மட்டும் விலக்கு. அலங்காரப் பிடி போட்ட ‘சர்வைவல்’ பட்டாக்கத்தியைச் சோதனைச் சாவடியில் விவசாயக் கருவி என்று சொல்லிப் பார்ப்பவர் பாடு சிரமம்தான். முகாம் வேலைக்கு நான்கு அங்குலம் தாராளம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே பச்சை மரத்தை வெட்டினால் கத்தி என்ன ரகம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

டி2 என்று சொல்லி விற்ற கத்தி முதல் நாளே மடங்கினால்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை பழுதான பொருளுக்குச் செல்லாது. பில்லில் ரகத்தின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். பட்டறையென்றால் துண்டுச் சீட்டிலாவது. ஆன்லைனில் வாங்கினால் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அது மாறிவிடலாம்.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார், அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, சேலத்திலோ நாமக்கல்லிலோ, வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எஃகின் ரகம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆணையம் கத்தியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அலகு முறிந்து காயம் பட்டிருந்தால் தயாரித்தவர் மேல் இழப்பீடு கோரவும் வழியுண்டு. மடக்குக் கத்தியை விறகில் வைத்துக் கல்லால் அடித்து உடைத்திருந்தாலோ, சாணையில் கொடுத்து உருவை மாற்றியிருந்தாலோ விற்றவர் மேல் அந்த வழக்கு நிற்காது. அதனால் முறிந்த கத்தியைப் பற்றவைக்கவோ தீட்டவோ கொடுக்காமல் இரண்டு துண்டையும் அப்படியே தாளில் சுற்றி வையுங்கள்.