காரின் எரிபொருள் வடிகட்டி: நாமே மாற்றலாமா?



வளைகுடா நாடொன்றில் ஈராண்டுகள் உழைத்துவிட்டு, 30 நாள் விடுப்பில் ஊர் திரும்பியிருக்கிறீர்கள். வாசலில் துணி போர்த்தி நிற்கிறது உங்கள் கார். புதிய பேட்டரி பொருத்திச் சக்கரங்களுக்குக் காற்றும் அடித்தாகிவிட்டது. உம்மாவையும் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு வெளியூரில் உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்குப் புறப்படுகிறீர்கள்.

ஊருக்குள் ஒழுங்காக ஓடிய வண்டி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் திணறுகிறது. லாரி ஒன்றை முந்தப் போகும் நேரத்தில் உதறுகிறது. அடுத்த சில நிமிடங்களில் நின்றே விடுகிறது. பேருந்துகளும் லாரிகளும் உரசுவது போல் பறந்து செல்ல, கைக்குழந்தையோடு உங்கள் மனைவி சாலையோரத்தில் நிற்கிறார். “பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியும் புதிது, பிறகு என்னதான் கோளாறு?” என்று நீங்கள் திகைக்கிறீர்கள்.

இத்தகைய கோளாறுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் அடிக்கடி காணப்படுவதும், முன்கூட்டியே எளிதில் தடுக்கக்கூடியதும் ஒன்று உண்டு. அதுவே, உதிரிபாகக் கடைக்காரர்கள் ‘ஃபியூயல் ஃபில்டர்’ என்று சொல்லும் எரிபொருள் வடிகட்டி. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள்தான். ஆயினும் அது அடைத்துக்கொண்டால் பல இலட்ச ரூபாய் வண்டியும் அசையாது.

இதை வீட்டிலேயே மாற்ற இயலுமா? சில வண்டிகளில் இயலும். சிலவற்றில் கூடவே கூடாது. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது?

வடிகட்டியின் உள்ளே மடிப்பு மடிப்பாக அடுக்கிய தனிவகைக் காகிதம் இருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் எரிபொருளில் கலந்துள்ள துருவையும் தூசியையும் அது பிடித்துவைத்துக்கொண்டு, தூய எரிபொருளை மட்டும் எஞ்சினுக்கு விடுகிறது. நாளடைவில் காகிதத்தின் நுண்துளைகள் அடைபடுகின்றன. மெதுவாக ஓடும்போது எஞ்சினுக்குச் சிறிதளவு எரிபொருளே போதும். அதனால் குறை தெரிவதில்லை. வேகமெடுக்கும்போதும் மலையேறும்போதும்தான் வெளிப்படும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்த்தால் நலிந்த வடிகட்டி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இத்தொல்லை அதிகம். பாதி காலியான தொட்டியில் எஞ்சிய இடத்தைக் காற்று நிரப்புகிறது. அக்காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீர்த்துளியாகிறது. இரும்புத் தொட்டியானால் துருப்பிடிக்கிறது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. பழைய தொட்டியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடையும் கரைத்துப் பெயர்த்துவிடும். பெயர்ந்த கசடு நேரே வடிகட்டிக்குத்தான் வந்து சேர்கிறது.

உங்கள் வண்டி எவ்வகை?

முதல் வகை, கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் கார்கள். தொண்ணூறுகளில் வந்த மாருதி 800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எஞ்சின் அறையில், ரப்பர் குழாயின் நடுவே சிறு பிளாஸ்டிக் வடிகட்டி இருக்கும். அழுத்தம் குறைவு. பழகிய கைகளுக்கு அரைமணி நேர வேலை.

இரண்டாம் வகை, எரிபொருளை ஊசித் துளை வழியே பீய்ச்சும் பெட்ரோல் கார்கள். இவற்றின் குழாய்களில் எஞ்சின் நின்ற பிறகும் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தங்கியிருக்கும். அதாவது கார்ச் சக்கரத்தின் காற்றழுத்தத்தைவிட அதிகம். அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்திலேயே பீறிட்டு அடிக்கும். மேலும், இன்றைய கார்கள் பலவற்றில் வடிகட்டி தொட்டிக்குள்ளேயே பம்போடு இணைந்திருக்கிறது. அத்தகைய தொட்டியை வீட்டில் திறக்கவே கூடாது.

மூன்றாம் வகை, டீசல் கார்கள். வடிகட்டி பெரும்பாலும் எஞ்சின் அறையிலேயே இருக்கும். அடியில் நீர் தேங்கும் கிண்ணமும் நீரை வெளியேற்றும் திருகும் அமைந்திருக்கும்.

உங்கள் வண்டி எவ்வகை என்பதையும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிகட்டியை மாற்ற வேண்டும் என்பதையும் வண்டியோடு வந்த கையேடு சொல்லும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால் கைவைக்காதீர்கள்.

நெருப்பு எனும் பகைவன்

இரவில் உறங்குமுன் விளக்கையும் நெருப்பையும் அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். நெருப்பை மனிதனின் பகைவனாகவே எச்சரித்துள்ளார்கள். பெட்ரோலைக் கையாளும்போது இந்த அறிவுரையை நெஞ்சில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சுழியத்திற்கு 40 டிகிரி கீழான கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைப் பெட்ரோல் வெளியிடுகிறது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்துவிடாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். போர்ட்டிகோவில் சிந்திய பெட்ரோலின் ஆவி, நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் நுழைந்துவிடலாம்.

எனவே மூடிய ஷெட்டிலும், வீட்டை ஒட்டிய நெருக்கமான இடத்திலும் இவ்வேலை வேண்டாம். திறந்த வெளியில் செய்யுங்கள். பஜ்ருத் தொழுகைக்குப் பின் நன்றாக விடிந்த நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. இரவெல்லாம் நின்ற எஞ்சின் ஆறியிருக்கும், வெளிச்சமும் இருக்கும், வெயிலும் ஏறியிராது. அருகே பீடி சிகரெட், எரியும் அடுப்பு, கனல் உள்ள சாம்பிராணிச் சட்டி எதுவும் கூடாது. பிள்ளைகளை அருகில் விளையாட விடாதீர்கள்.

பெட்ரோல் தீயை நீரூற்றி அணைக்க இயலாது. எரியும் பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவும். உலர் தூள் தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிறைய உலர்ந்த மணலும் இருக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். தீயணைப்பான் இல்லாமல் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, “தவக்கல்து அலல்லாஹ்” என்பது அந்தப் போதனைக்கு உகந்ததன்று.

கார்புரேட்டர் வண்டியில் செய்முறை

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள்.

1. எஞ்சின் ஆறியிருப்பதை உறுதி செய்துகொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பொறி பறக்கும் வாய்ப்பு இதனால் குறையும்.

2. பெட்ரோல் தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். உள்ளே தேங்கிய ஆவியின் அழுத்தம் இறங்கும்.

3. வடிகட்டியின் கீழே ஓர் உலோகத் தட்டையும் பழைய துணியையும் வையுங்கள். வடிகட்டியின்மேல் உள்ள அம்புக்குறி எத்திசையைக் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும்.

4. இருபுறத்துக் கிளாம்புகளையும் குறடால் தளர்த்தி நகர்த்துங்கள். ரப்பர் குழாயை வெடுக்கென்று இழுக்காமல், இலேசாகத் திருகிக் கழற்றுங்கள். தொட்டியிலிருந்து வரும் குழாயின் வாயைப் பொருத்தமான சுத்தமான போல்ட்டால் அடைத்துவிட்டால் பெட்ரோல் ஒழுகாது.

5. குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ மெதுமெதுப்போ தென்பட்டால் அவற்றையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும்.

6. புதிய வடிகட்டியை அம்புக்குறி எஞ்சினை நோக்கியவாறு பொருத்தி, புதிய கிளாம்புகளை இறுக்குங்கள்.

7. சிந்தியதையெல்லாம் துடைத்துவிட்டு, வாடை முழுவதும் அகலும்வரை காத்திருங்கள். அதன் பிறகே பேட்டரி முனையை மாட்ட வேண்டும். மாட்டும்போது எழும் சிறு பொறியே தீக்குப் போதுமானது.

8. ஸ்டார்ட் செய்யுங்கள். குழாயில் பெட்ரோல் நிறையச் சில நொடிகள் ஆகும். எஞ்சின் ஓடும்போது இரு இணைப்புகளையும் கூர்ந்து பாருங்கள். ஒரு சொட்டுக் கசிவு தெரிந்தாலும் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள். ‘ஒரு சொட்டுதானே’ என்ற எண்ணம் வேண்டாம்.

மற்ற இரு வகைகளில் கூடுதல் கவனம்

வடிகட்டி வெளியே அமைந்த இரண்டாம் வகைக் கார்களில், முதலில் எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட விட வேண்டும். குழாயிலுள்ள பெட்ரோல் தீர்ந்ததும் அது தானே நின்றுவிடும். மேலும் சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றிய பின், சாவியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றலாம். எஞ்சின் ஆறிய பிறகே வேலையைத் தொடருங்கள். அப்போதும் குழாயின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெல்லவே திறக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பி அணைத்துக் கசிவு பாருங்கள்.

வண்டியின் அடியில் நுழைய நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி சரிந்து உயிரிழந்தோர் உண்டு. உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்திய பிறகே அடியில் செல்ல வேண்டும்.

டீசல் வண்டியில் தூய்மையே முதன்மையானது. புதிய வடிகட்டியைப் பொருத்துமுன் சுற்றுப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். பொருத்திய பின் கைப்பம்பு இருந்தால், அது இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பழைய டீசல் எஞ்சின்களில் காற்றெடுக்க இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்துவது வழக்கமாக இருந்தது. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் அதைச் செய்யவே கூடாது. அக்குழாய்களில் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு காயமே தெரியும். ஆனால் கையையே இழக்க நேரிடலாம். அவ்வாறு நேர்ந்தால் வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பழைய வடிகட்டி சொல்லும் செய்தி

கழற்றிய வடிகட்டியை உடனே எறிந்துவிடாதீர்கள். எரிபொருள் நுழையும் வாய் வழியாக, உள்ளிருப்பதைச் சமையலுக்குப் பயன்படாத ஒரு வெண்ணிறக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். செந்நிறத் துகள் இருந்தால் தொட்டி துருப்பிடித்திருக்கிறது. அடியில் உருண்டு திரியும் துளிகள் நீர். இவை மிகுதியாக இருந்தால் தொட்டியைக் கழற்றித் தூய்மை செய்ய வேண்டும். இல்லையேல் புதிய வடிகட்டியும் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும்.

வடிந்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிடக்கூடும். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது; வாந்தியின்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் சென்றுவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். இதே காரணத்தால் குழாயில் வாய்வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுவதும் ஆபத்தானது. சாக்கடையிலும் தெருவிலும் ஊற்றுவதும் தவறு. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கருதும் நாம், பாதையில் தொல்லையைக் கொட்டலாமா? இறுக மூடும் உலோகக் கலனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொன்று: கையில் படிந்த கிரீஸ் தோலில் நீர் படாதவாறு தடுக்கும். ஒளூச் செய்யுமுன் அதை நன்கு தேய்த்து அகற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை வீசும் உடையையும் மாற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்லுங்கள்.

கூச்சம் வேண்டாம், வீம்பும் வேண்டாம்

தம் காலணியைத் தாமே தைத்து, வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்குத் துணைநின்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக அறிகிறோம். ஆகவே கையில் கறைபட வேலை செய்வதில் யாருக்கும் கூச்சம் வேண்டாம். அதேபோல் அறியாத வேலையில் வீம்பும் வேண்டாம். முதல்முறை மெக்கானிக் செய்வதை அருகிலிருந்து பாருங்கள். உங்கள் வண்டி வீட்டில் தொடக்கூடாத வகையானால் அவரிடமே ஒப்படைத்து, பேரம் பேசி வாட்டாமல் உரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுங்கள்.

விடுப்பு முடிந்து விமானம் ஏறுமுன், வடிகட்டியை மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வைத்துவிடுங்கள். வண்டி திணறினால் அதன் பொருள் என்ன, பெட்ரோல் வாடை அடித்தால் செய்ய வேண்டியது என்ன என்பதை மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லிச் செல்லுங்கள். அவசரத்திற்கு மருத்துவமனைக்கு ஓடும் வண்டியை இனி இயக்கப் போகிறவர்கள் அவர்கள்தாமே? வாகனம் ஓர் அமானிதம். அதில் ஏறுவோரின் உயிர்கள் அதைவிடப் பெரிய அமானிதம்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களையும் நம் இல்லங்களையும் ஆபத்துகளிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.