வியாழக்கிழமை ஜாக்கியோடு
(வீட்டைக் கட்டின தாய்மார் – 6)

1706 ஜூலை 9ஆம் தேதி மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கப்பலைவிட்டு இறங்கினார்கள். அந்த ஊழியத்தைப் பற்றி அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709இல் லண்டனில் புத்தகமாக வெளிவந்தன. அதன் பிரதி ஒன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சிற்றூரின் குருமனைக்கும் போய்ச் சேர்ந்தது. போதகர் சாமுவேல் வெஸ்லி திருச்சபைப் பேரவைக்காக லண்டன் போயிருந்த நேரம். மூத்த மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் அதைக் கண்டெடுத்தாள். அதை வாசித்த போதகரின் மனைவி சூசன்னா வெஸ்லியின் மனம் பல நாள் அதிலேயே இருந்தது.

தான் ஆணுமல்ல, போதகருமல்ல. ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகமாக எதையாவது செய்ய முடியும் என்று அவர் நினைத்தார். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். கடல் கடந்து போக வழியில்லாத அந்தத் தாய் தன் பிள்ளைகளிடமே ஆரம்பித்தார். தினம் இரவு ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசுவது என்று ஒழுங்கு வைத்தார். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ். ஞாயிறன்று எமிலியும் சூக்கியும் சேர்ந்து. அந்த ஜாக்கிதான் ஜான் வெஸ்லி. அப்போது அவனுக்கு எட்டு வயது. அவன் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கும், 1817இல் சென்னைக்கும் வந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களால் அசைக்கப்பட்ட ஒரு வீட்டின் பலன், இப்படித் தமிழ் மண்ணுக்கே திரும்பி வந்தது.

இதை வாசிக்கும் தங்கச்சி, “அவங்களுக்கு வசதி இருந்திருக்கும்” என்று நினைக்க வேண்டாம். சூசன்னா பெற்றது பத்தொன்பது பிள்ளைகள். ஒன்பதைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் பண்ணினார். கடனுக்காகக் கணவர் 1705இல் லிங்கன் கோட்டைச் சிறையில் சில மாதம் இருந்தார். 1709 பிப்ரவரியில் குருமனை எரிந்தபோது சூசன்னா நிறைமாதக் கர்ப்பிணி. மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயது ஜாக்கியை ஊரார் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாக இறக்கினார்கள். வீடு போனதால் பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது பழைய ஒழுங்கு, பேச்சு எல்லாம் கெட்டுப்போயிருந்தது. பல வருடம் பாடுபட்டு வளர்த்ததைப் பாதியில் இழந்து, முதலிலிருந்து தொடங்கினார் அந்த அம்மா. சூசன்னாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வீட்டிலேயே பள்ளி; நாளுக்கு ஆறு மணி நேரம். ஐந்து வயது முடிந்த மறுநாள் எழுத்து, பிறகு ஆதியாகமம் முதல் அதிகாரத்தை வைத்தே வாசிப்பு. நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் வேலைக்கு உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். மகளின் கையில் முதலில் துடைப்பத்தைக் கொடுக்கிற வீடுகள் இன்றும் உண்டு. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரம்புக்குப் பயந்து பிள்ளை சத்தமில்லாமல் அழ வேண்டும் என்றும் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அன்றைய காலத்தின் கண்டிப்பை அன்றைய காலத்திடமே விட்டுவிடலாம்.

1732இல், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஜான், பிள்ளை வளர்த்த முறையை எழுதித் தரும்படி அம்மாவைக் கேட்டார். சூசன்னாவுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. வாழ்நாளின் நல்ல காலத்தில் இருபது வருடத்தைப் பிள்ளைகளின் ஆத்துமாவுக்காகவே கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். அதே ஆண்டில் ஜான் எழுதிய கடிதம் ஒன்றில், சிறுவயதில் தனக்குத் தந்த அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தை இப்போதும் தனக்காக ஒதுக்கும்படி வேண்டுகிறார். அவருக்கு அப்போது ஏறக்குறைய முப்பது வயது.

ஹெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பிள்ளை. கவிதை எழுதும் அளவுக்குப் புத்திசாலி. இளவயதில் ஒருவனை நம்பி ஏமாந்து, அப்பாவின் கோபத்துக்கு ஆளாகி, மனதுக்குப் பிடிக்காத திருமணத்தில் தள்ளப்பட்டாள். மற்ற மகள்களில் சிலருக்கும் வாழ்க்கை சுகமாக அமையவில்லை. ஜானையும் சார்லஸையும் மட்டும் காட்டி, “இப்படி வளர்த்தால் இப்படி வருவார்கள்” என்று தாய்மார் கூட்டங்களில் பேசுவது சூசன்னாவுக்கும் நியாயமல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கும் நியாயமல்ல. வழிதவறின பிள்ளைக்காக அழுகிற அம்மா அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அம்மா, உங்கள் உழைப்பு வீண்போகவில்லை. ஹெட்டிக்குக் கொடுத்த செவ்வாய்க்கிழமையும் ஜாக்கிக்குக் கொடுத்த வியாழக்கிழமையும் தேவனுடைய பார்வையில் ஒன்றுதான்.

யார் கேட்டாலும் “வேலைக்குப் போகல, வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்று இனிமேல் சொல்லாதீர்கள், தங்கச்சி. இந்த வாரமே பிள்ளைக்கு ஒரு மாலை என்று குறித்துவையுங்கள். அரைமணி நேரம் போதும். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். வீட்டுக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அந்த அரைமணி நேரம் மற்ற பிள்ளைகளையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)