கட்சிகள் பிரித்தாலும் பிரியாத விடுதி நட்பு

புதுதில்லி: மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் பொதுச் செயலாளர் சீதாராம் யெச்சூரி 2024 செப்டம்பர் 12-ல் காலமானார். மறுநாள் அவரது உடல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவரது அரசியல் வாழ்வு மட்டுமன்றி, ஆயுட்கால நட்புகள் பலவும் தொடங்கிய வளாகம் அது.

அந்த நண்பர்களில் ஒருவர் டி.பி. திரிபாதி. யெச்சூரி சென்னையில் பிறந்த தெலுங்கர். திரிபாதியோ உத்தரப் பிரதேசத்துக்காரர். நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்ட 1975-ல் மாணவர் சங்கத் தலைவராக இருந்த திரிபாதி சிறை சென்றார். யெச்சூரியும் அதே ஆண்டில் கைதானார்.

பின்னாளில் திரிபாதி காங்கிரஸுக்கும், அங்கிருந்து தேசியவாத காங்கிரஸுக்கும் சென்றார். யெச்சூரி கட்சி மாறவில்லை. எனினும், நட்பு முறியவில்லை. 2012 முதல் 2017 வரை இருவரும் வெவ்வேறு கட்சிகளின் உறுப்பினர்களாக மாநிலங்களவையில் இருந்தனர். 2020 ஜனவரி 2-ல் திரிபாதி மறைந்தபோது, பல்கலைக்கழக நாள் தொட்டு இறுதிவரை தாங்கள் பேசியதையும், வாதிட்டதையும், முரண்பட்டதையும் யெச்சூரி நினைவுகூர்ந்தார்.

இத்தகைய நட்புக்கு விடுதி வாழ்க்கையே அடித்தளம். 1969-ல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்தில் கங்கா, காவேரி, பெரியார் என விடுதிகளுக்கு நதிகளின் பெயர்கள். இங்கு பெரியார் என்பது கேரள நதியைக் குறிக்கும். பின்தங்கிய மாவட்டத்தினருக்கு மாணவர் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் தரும் முறை பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதனால் பிகார் கிராமத்து இளைஞரும் தில்லி அதிகாரியின் மகனும் ஒரே உணவுக்கூட வரிசையில் நின்றனர். இரவு அங்கேயே அரசியல் கூட்டம், காரசாரமான விவாதம். விடிந்தால் எதிராளியின் அருகில் அமர்ந்துதான் சிற்றுண்டி.

அங்கு பகையே மூண்டதில்லை என்று கூறிவிட முடியாது. 2020 ஜனவரி 5-ல் முகமூடிக் கும்பலொன்று வளாகத்துக்குள் புகுந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் தாக்கியது.

அதற்குச் சில வாரங்கள் முன்னர், 2019 இறுதியில், தனி அறை வாடகையை மாதம் ரூ.20-லிருந்து ரூ.600 ஆகவும், இருவர் தங்கும் அறை வாடகையை ரூ.10-லிருந்து ரூ.300 ஆகவும் உயர்த்த நிர்வாகம் முடிவெடுத்தது. மாணவர்கள் வீதிக்கு வந்து போராடியபின் உயர்வு ஓரளவு தளர்த்தப்பட்டது.

பத்து ரூபாய் வாடகை அரசுக்கு நஷ்டம் என்பது கணக்கு. ஆனால், வறியவருக்கு விடுதி எட்டாமல் போனால், வசதி படைத்தவர்கள் தங்களைப் போன்றோருடன் மட்டுமே பழகி, நாளை நாடாளவும் வருவார்கள். அந்த நஷ்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.