குதித்துச் செய்யும் உடற்பயிற்சியில் கால் எலும்பு வலிப்பது ஏன்?

20 விநாடி உச்சகட்ட உழைப்பு, 10 விநாடி ஓய்வு. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாதா குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கில் மிதித்தது உடற்பயிற்சி சைக்கிளை. அதில் பாதம் தரையில் மோதுவதே இல்லை. இன்று அதே கணக்கில் பர்பி, ஜம்ப் ஸ்குவாட் என்று குதிக்கிறோம்.

ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை காலில் ஏறுகிறது. எலும்பில் நுண்விரிசல்கள் விழுகின்றன. இவற்றைச் சீரமைக்கும்போதுதான் எலும்பு வலுப்பெறுகிறது. முதலில் ஒருவகை செல்கள் பழுதை அரித்தெடுக்கும். இதற்குச் சில வாரங்கள். பிறகு வேறு செல்கள் புது எலும்பை நிரப்பும். இதற்குச் சுமார் 3 மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும்.

சிக்கல் இங்கேதான். இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். மூச்சு வாங்குவது குறைந்ததும், தினமும் குதிக்கலாம் என்ற தைரியம் வருகிறது. எலும்போ இன்னும் தயாராகியிருக்காது. அதன்மேல் மீண்டும் மீண்டும் குதிப்பதால்தான் வலிக்கிறது.

எனவே குதிப்பது வாரத்தில் 2, 3 நாள் போதும். மற்ற நாட்களில் சைக்கிள் அல்லது நீச்சல். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் வலித்தால் குதிப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். தொடக்கநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வலி நீடித்தால் மறுபடியும் காட்டுங்கள்.