நீதி கேட்கும் முதியோரும் திருச்சபையும்

லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் விதவை நடுவனிடம் பிச்சை கேட்கவில்லை. தனக்குரிய நியாயத்தையே கேட்டாள். முதியோர் ஊழியத்தில் நாம் இவ்வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகிறோம். அரிசியும் போர்வையும் வழங்கியதும் நம் கடமை முடிந்ததெனக் கருதுகிறோம். அவர்கள் இழந்த வீட்டையும் நிலத்தையும் பற்றிக் கேட்பதில்லை.

கெலமங்கலம் பகுதியில் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. ஓசூரின் தொழில் வளர்ச்சியால் சுற்றுப்புற நிலத்தின் மதிப்பு உயர்ந்துள்ளது. அத்துடன், பெற்றோரிடமிருந்து தான செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பெறும் ஆவலும் வளர்கிறது. தெலுங்கோ கன்னடமோ பேசும் மூதாட்டி, தமிழில் எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வைப்பது இவ்வெல்லைப் பகுதியில் நடக்கக்கூடியதே.

சட்டம் அளிக்கும் உரிமை

வறுமையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதை, 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு அரசின் கடமையாக்கிற்று. அதனைச் செயற்படுத்த இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். முதுமை இச்சட்டத்தில் தனித் தகுதியாகக் கூறப்படவில்லை. எனினும் ஆண்டு வருமானம் மாநில அரசு விதித்த வரம்புக்கு உட்பட்ட முதியவர் தகுதி பெறுகிறார். வழக்கறிஞர், நீதிமன்றக் கட்டணம், மனு எழுதுதல், ஆவணங்களின் மொழிபெயர்ப்பு ஆகியவை இவ்வுதவியில் அடங்கும். கெலமங்கலத்தார் தேன்கனிக்கோட்டை வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ, கிருஷ்ணகிரி மாவட்ட ஆணைக்குழுவையோ, 15100 என்னும் தொலைபேசி எண்ணையோ நாடலாம்.

பெற்றோர் பராமரிப்பு

2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இன்னும் எளிய வழியைத் திறக்கிறது. வருவாய்க் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே மனுச் செய்யலாம். கெலமங்கலத்தாருக்கு அது ஓசூர்க் கோட்டமாகும். மகன் பெங்களூருவில் வாழ்ந்தாலும், பெற்றோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுவைத் தரலாம். எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 90 நாட்களுக்குள் மனு முடிவுபெற வேண்டும். சிறப்புக் காரணமிருப்பின் மேலும் 30 நாட்கள் நீட்டலாம்.

தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு, இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் 23ஆம் பிரிவின்படி மீட்கலாம். நிபந்தனை இருந்தமை மெய்ப்பிக்கப்பட வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2022இல் கூறிற்று. இச்சட்டத்திற்கு முதியோர் நலன் கருதித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டுமெனவும், சொத்தின் அனுபவத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் ஆணையிடலாமெனவும் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரம் எழுதும் முன்னரே அந்நிபந்தனையை அதில் சேர்க்கச் சொல்வது ஆயரின் நல்லாலோசனையாகும்.

ஆயரின் பொறுப்பு

விசுவாசிகள் வழக்காடலாமா என்று சிலர் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தைக் காட்டி முதியோரை அடக்குவதுண்டு. ஆனால் அங்குப் பவுலின் கண்டனம், சகோதரருக்கு அநியாயம் செய்து அவர் பொருளை அபகரிப்போர் மீதும் விழுகிறது. மாற்கு 7இல் ஆண்டவர், கொர்பான் என்னும் பக்திச் சொல்லைக் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களைக் கடிந்துகொண்டார். வல்லவனைத் திருத்தாமல் நலிந்தவரிடம் மட்டும் மன்னிப்பைக் கேட்கும் சமாதானம், அந்தக் கொர்பானின் மறுவடிவமேயாகும்.

ஒப்புரவாக்கும் ஊழியத்தை நாம் கைவிட வேண்டியதில்லை. முதலில் பிள்ளைகளை அழைத்துப் பேசுவோம். அது பயனளிக்காவிடில் முதியவருக்குத் துணையாகத் தீர்ப்பாயத்திற்குச் செல்வோம். முதியவரால் இயலாதபோது, அவரது அதிகாரம் பெற்ற வேறொருவரோ பதிவுபெற்ற தொண்டு அமைப்போ மனுச் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. இவ்வதிகாரத்தை ஏற்று, அவருடைய மொழியில் பத்திரத்தைப் படித்துக் காட்டி, அவருடன் அலுவலகம் வரை நடப்பதும் மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியே.