மீன் பிடித்துத் தரும் நீர்க்காகம்

மீன் வளர்ப்போருக்கு நீர்க்காகம் என்றாலே ஆகாது. கண்டால் கல்லெறிந்து விரட்டுவார்கள். ஜப்பானில் உள்ள கிபு நகரிலோ அதை மாடு கன்றுபோல் வீட்டில் வைத்துப் பராமரித்து, அதைக் கொண்டே ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள்.

நகோயாவிலிருந்து ரயிலில் சுமார் இருபது நிமிடத்தில் கிபு வந்துவிடும். 1567-ல் ஓடா நொபுநாகா கைப்பற்றி, இப்பெயரைச் சூட்டிய கோட்டை நகரம் இது. கின்கா மலையடியில் ஓடும் நகரா ஆற்றில் சுமார் 1,300 ஆண்டுகளாக இந்தத் தொழில் நடக்கிறது. மே 11 முதல் அக்டோபர் 15 வரை, இருட்டிய பிறகு படகுகள் கிளம்பும்.

படகின் முனையில் தொங்கும் இரும்புக் கூடையில் பைன் விறகு எரியும். அந்த வெளிச்சத்தில் மிரண்டு ஓடும் அயு மீன்களைப் பறவைகள் மூழ்கிப் பிடிக்கும். சுமார் பத்துப் பறவைகளின் கயிறுகளை ஒரே ஆள் சிக்கலில்லாமல் கையாளுகிறார். பறவையின் கழுத்தில் கட்டும் கயிற்றில்தான் சூட்சுமம். பெரிய மீன் தொண்டையில் நின்றுவிடும், சின்ன மீன் வயிற்றுக்குள் போய்விடும். இறுக்கிக் கட்டினால் பறவை பட்டினி. தளர்த்திக் கட்டினால் மீனவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அலகு பட்டவுடன் மீன் செத்துவிடுவதால் அதன் ருசி கெடுவதில்லை. அலகுத் தடம் உள்ள அயுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

மீனவர் இடுப்பில் கட்டியிருப்பது வைக்கோல் பாவாடை. தண்ணீர் மேலே படாமல் அது காக்கும்.

பறவைகள் இபராக்கி கடற்கரையில் பிடிக்கப்படுபவை. பழக்க சுமார் மூன்று ஆண்டு ஆகும். மூங்கில் கூடைகளில் இரண்டிரண்டாக அடைக்கிறார்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் எடுத்து, உடம்பைத் தடவிப் பார்க்கிறார் மீனவர். வேலை இல்லாத ஏழு மாதமும் தீனி போட்டாக வேண்டும்.

இத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. கிபுவில் இதைச் செய்பவை ஆறே குடும்பங்கள். 1890 முதல் இவர்கள் அரண்மனை மீனவர்கள். அந்தப் பதவியும் வேடிக்கை பார்க்கப் படகேறி வரும் கூட்டமும்தான் தொழிலைத் தாங்கி நிற்கின்றன. பிடிக்கும் மீனை மட்டும் நம்பினால் கட்டாது.

கவலை அயு மீனைப் பற்றியது. அதன் ஆயுள் ஓராண்டுதான். ஆற்றில் பொரித்த குஞ்சு கடலுக்குப் போய், வசந்தத்தில் திரும்பி வந்து, கல்லில் படரும் பாசியைத் தின்று வளரும். 1995-ல் முகத்துவாரத்தில் தடுப்பணை செயல்படத் தொடங்கியது. மீன் ஏறப் படிவழி இருக்கிறது. ஆனாலும் அதற்குப் பிறகு அயு பிடிப்பு குறைந்தது. காரணம் அணைதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இப்போது முட்டைகளைப் பொரிக்க வைத்தும் குஞ்சுகளை ஆற்றில் விடுகிறார்கள். 2015-ல் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் நகரா ஆற்று அயுவை உலக வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் நாள் பார்த்துப் போக வேண்டும். ஆற்றில் வெள்ளம் என்றால் படகு இறங்காது. இலையுதிர்கால முழுநிலா அன்றும் மீன்பிடி கிடையாது.